மந்திரித்த படத்துக்குப் பின்னால்

ஜூன் 9, திங்கள்

கண்ணாடி வெட்டும்போது இன்று இரண்டு ஷீட் போயிற்று. வெயில்மேல் பழி போடலாம். உண்மையில் காலையில் டோனியோடு போட்ட சண்டைதான் காரணம். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது, ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடக்கூடாது என்று அந்த மனுஷனுக்கு இன்னும் தெரியவில்லை. ஆபீஸில் ஃபைலுக்குக் கொடுக்கிற மரியாதையில் கால்வாசி வீட்டுக்குக் கொடுத்தால் போதும்.

மதியம் சிவசங்கரி வந்தாள். ஓவியம் சொல்லித்தரும் டீச்சர். நான்கு வருஷமாக என்னிடம்தான் படங்களுக்குச் சட்டம் போடுகிறாள். பயிர் வைக்கிற குடும்பத்துப் பெண், பேரத்தில் என்னை அழவைத்துவிடுவாள். இன்று பேரமே பேசவில்லை.

"அடுத்த மாசம் கண்காட்சி இருக்குக்கா. பதினோரு படம். எல்லாம் பேப்பர்ல வரைஞ்சது, தண்ணி படாம பாத்துக்கங்க."

போகும்போது வாசலில் நின்று, "பதினோராவத கடைசியா பிரிங்க" என்றாள்.

ஜூன் 12, வியாழன்

பத்துப் படங்கள் அவள் ஊர்க்காரர்கள். நிலத்தைக் கொடுக்கமாட்டோம் என்று சொல்லிப் போலீஸிடம் அடிவாங்கியவர்கள். முகம், முழங்கால், கட்டுப்போட்ட தலை, உடைந்த வளையல். ஒருவரும் அழவில்லை. அதுதான் பார்க்கிறவர்களுக்குக் கஷ்டம்.

பதினோராவதை இன்று பிரித்தேன். அவள் தம்பி அன்பழகன், இருபத்தாறு வயது. மார்ச் மாதம் போலீஸ் கூட்டிப்போனது. மறுநாள் நெஞ்சு வலியில் இறந்துவிட்டான் என்று ஆள் அனுப்பினார்கள். பிணவறையில் சங்கரியைப் பத்து நிமிஷம் பார்க்கவிட்டார்கள், போனைப் பிடுங்கிக்கொண்டு. சாயங்காலமே அவர்களே நின்று எரித்தார்கள்.

இன்று சாயங்காலம் சங்கரி கடை ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னாள்: "பத்து நிமிஷமும் நான் அழலக்கா. அழுதா கண்ணு மறைக்கும்ல. பாத்துக்கிட்டே இருந்தேன். வூட்டுக்கு வந்து வரைஞ்சி முடிச்சிட்டுத்தான் அழுதேன்."

எனக்கு எதையும் அளக்காமல் பார்க்கத் தெரியாது. எழுதி வைக்கிறேன். பதினாலுக்கு இருபது அங்குலம். மல்லாந்து படுத்த உடம்பு, மார்புவரை பச்சைத் துணி. இடது கண் முழுதாக மூடவில்லை. கீழுதடு நடுவில் பிளந்திருக்கிறது. இடது காதுக்குக் கீழே இரண்டு விரல் அகலத்துக்குக் கருநீலம், ஓரத்தில் சிவப்பு. வலது கை துணிக்கு வெளியே கிடக்கிறது. மணிக்கட்டில் கோயிலில் கட்டிய சிவப்புக் கயிறு. அதற்குக் கீழே, ஒரு விரற்கடை தள்ளி, வேறொரு கயிற்றின் தடம். மோதிர விரலில் நகம் இல்லை.

படத்துக்குத் தலைப்பு 'நெஞ்சு வலி'. நெஞ்சு வலியில் நகம் விழுமா?

ஜூன் 21, சனி

பதினொன்றுக்கும் அட்டை வெட்டியாயிற்று. பசை எங்கும் தொடவில்லை, நான்கு மூலையிலும் காகிதப் பை செய்து அதில் சொருகினேன்.

ஜூன் 27, வெள்ளி

திருஇருதய ஆண்டவர் திருநாள். பூசை முடிந்து அகஸ்டினா அக்கா கடைக்கு வந்தாள். அவள் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்தவர். பென்ஷன் இன்னும் அந்த நாட்டிலிருந்து வருகிறது. ஆற்றைத் தாண்டி அரியாங்குப்பத்தில் வீடு கட்டிக்கொண்டு போனாலும் பூசைக்கு எங்கள் கோயிலுக்குத்தான் வருவாள்.

கூடத்தில் நாற்பது வருஷம் தொங்கிய திருஇருதய ஆண்டவர் படம் வெளுத்துவிட்டதாம். புதுப்படம் வாங்கி வைத்திருக்கிறாள், பெரிய அளவில், நல்ல சட்டம் போட வேண்டும்.

"பழச இங்கயே வெச்சிட்டுப் போறேன். குப்பையில கிப்பையில போட்டுடாத தாயி. மந்திரிச்ச படம். கோயில்ல குடுத்துடு."

எனக்குச் சொல்லித் தரவேண்டுமா? ஃபாதர் மந்திரித்த பொருள் பழசானால் குப்பைக்குப் போகக்கூடாது, எரிக்கத்தான் வேண்டும். சாம்பல் புதனன்று நெற்றியில் பூசும் சாம்பலுக்காக முன்னதாகவே பழைய குருத்தோலைகளை எரிக்கும்போது அதையும் சேர்த்து எரிப்பார்கள். கடைக்கு வரும் பழைய சாமி படங்களை நான்தான் வருஷாவருஷம் கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை சூசையண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இதையும் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 2, புதன்

பேப்பரில் ஆறாம் பக்கத்தில் போட்டிருக்கிறான். பொது அமைதிக்குக் கேடு செய்யும் பதினோரு ஓவியங்களுக்குத் தடை. வைத்திருந்தால் மூன்று வருஷம் ஜெயில். எங்கு கண்டாலும் எடுத்து அழிக்க உத்தரவு.

ஒருவரும் இன்னும் படங்களைப் பார்க்கவேயில்லை. அழைப்பிதழில் தலைப்புகள் மட்டும் இருந்தன. தலைப்பைப் படித்தே இவ்வளவு பயம் என்றால் படத்தைப் பார்த்தால் என்ன செய்வார்கள்?

காலை ஐந்து மணிக்கு சங்கரியை வீட்டிலிருந்து கூட்டிப்போயிருக்கிறார்கள். பிள்ளைகள் வரைந்த பயிற்சித் தாள்கள் உட்பட எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றினார்களாம்.

டோனி சாப்பிடும்போது கேட்டார். "அந்த டீச்சர் உங்கிட்டதான வருவாங்க?"

"வருவாங்க. போன வாரமே எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க."

முதல் பொய். ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னேன்.

ஜூலை 3, வியாழன்

திருப்பிக் கொடுக்க ஆளில்லை. எரித்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஒரு நிமிஷம் இல்லை, அரைநாள் நினைத்தேன். பொய் எழுத இந்த நோட்டு எதற்கு?

போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்றும் தோன்றியது. அப்புறம் பயம். இன்றைக்குப் போனைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

பத்துப் படத்தைக் கண்ணாடிப் பெட்டியில், ஷீட்டுகளுக்கு இடையில் விரிக்கும் தாளோடு தாளாகச் செருகினேன். கை கிழியும் என்று யாரும் அங்கே துழாவமாட்டார்கள். பதினோராவதை அகஸ்டினா அக்காவின் படத்துக்குப் பின்னால் வைத்தேன். முன்னால் ஆண்டவர், நடுவில் அட்டை, அதற்குப் பின்னால் மெல்லிய தாள் சுற்றி அன்பழகன், பிறகு தடித்த அட்டை, பூச்சி வராமல் இருக்க ஒரு பொட்டலம் வசம்புத் தூள். பின்பக்கம் பழுப்புத்தாள் ஒட்டிக் கடை முத்திரையும் குத்திவிட்டேன்.

ஜூலை 4, வெள்ளி

வந்தார்கள். எஸ்.ஐ. பேர் கமலக்கண்ணன். கூட இரண்டு பேர். மரியாதையாகத்தான் பேசினார். என் போனை வாங்கி முதல் படத்திலிருந்து கடைசிப் படம்வரை தள்ளித் தள்ளிப் பார்த்தார். என் அக்கா மகள் கல்யாணத்தையே முழுசாகப் பார்த்து முடித்தார்.

"இங்கதான் ஃப்ரேம் போட்டாங்கன்னு தகவல்."

"போட்டாங்க சார். எடுத்துட்டுப் போயிட்டாங்க."

சுவரோரம் சாய்த்திருந்த சட்டங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு குடும்பப் படத்தின் பின்தாளைப் பிளேடால் கீறிப் பிரித்தார். ஒன்றுமில்லை. அடுத்து அகஸ்டினா அக்காவின் படத்தைத் தூக்கினார். பிளேடைத் தாளில் வைத்துவிட்டார்.

என் வாயிலிருந்து தானாக வந்தது: "சார், அது மந்திரிச்ச படம்."

"அப்படின்னா?"

"ஃபாதர் ஜெபம் பண்ணி தீர்த்தம் தெளிச்சது சார். பிரிச்சா குத்தம்."

கையை எடுத்துவிட்டார். இரண்டு கையாலும் மெதுவாகக் கீழே வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு மனுஷன் நகத்தைப் பற்றிக் கவலைப்படாதவர்களுக்குச் சாமி குத்தத்தில் எவ்வளவு பயம் பாருங்கள்.

நான் சொன்னது பொய். அந்தப் படத்தை அதுவரை யாரும் மந்திரிக்கவேயில்லை.

ஜூலை 5, சனி

வழி கிடைத்துவிட்டது. மந்திரித்த படத்தை யாரும் பிரிக்கமாட்டார்கள், யாரும் விற்கமாட்டார்கள், சுவரைவிட்டு இறக்கக்கூட யோசிப்பார்கள். இதைவிடப் பத்திரமான பெட்டகம் எந்த பேங்கிலும் இல்லை.

என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். எழுதி வைக்கிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

பூசைக்குப் பிறகு, சட்டம் போட வந்திருந்த ஐந்து சாமி படங்களை ஃபாதரிடம் கொண்டுபோனேன். திருஇருதய ஆண்டவர், வேளாங்கண்ணி மாதா, அந்தோணியார் இரண்டு, ஒரு மிக்கேல் சம்மனசு. ஐந்துக்குள்ளும் சங்கரியின் ஆட்கள். ஃபாதர் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். ஒரு சொட்டு பின்தாள்மேல் விழுந்தது. என் உயிரே போய்விட்டது, படத்துக்கு ஈரம் ஆகாதே.

அகஸ்டினா அக்கா ஆட்டோ கொண்டுவந்திருந்தாள். ஏற்றிவிடும்போது மூன்று முறை சொன்னேன்.

"அக்கா, மந்திரிச்ச படம். எது ஆனாலும் பின்னாடி பிரிச்சிடாதீங்க. யார்கிட்டயும் குடுத்துப் பிரிக்க வுடாதீங்க."

"எனக்குத் தெரியாதா தாயி," என்று சிரித்தாள்.

ஆகஸ்ட் 6, புதன்

டோனி ஆபீஸிலிருந்து ஆர்டர் வாங்கி வந்தார். எல்லா அறைக்கும் தலைவர் படம் மாட்ட வேண்டும் என்று சுற்றறிக்கையாம். இருபது படம், தங்க நிறச் சட்டம்.

இருபது சிரிப்பையும் மேஜைமேல் வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். ஆட்சி மாறும்வரை ஒருவனும் கைவைக்கமாட்டான். தூசு தட்டக்கூட ஆள் போடுவார்கள்.

மூன்று படங்களை அவருக்குப் பின்னால் வைத்து, அடையாளத்துக்குக் கடை முத்திரையைத் தலைகீழாகக் குத்தினேன். டோனி உட்காரும் அறைக்குப் போகும் படத்துக்குப் பின்னால் கட்டுப்போட்ட தலைக் கிழவர். ரொம்ப நாளைக்குப் பிறகு வேலை செய்துகொண்டே பாடினேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மீதி மூன்றில் கடைசியும் போயிற்று. தேங்காய்த்திட்டில் மீன் ஏலம் எடுக்கும் வடிவேலு வாங்கிப்போன பெருமாள் படத்துக்குப் பின்னால். கடையில் இப்போது ஒன்றுமில்லை.

யாரிடமும் கேட்கவில்லை. மூன்று வருஷம் என்று தெரிந்தால் எவர் சரி என்பார்? அதனால்தான் கேட்கவில்லை. இது நியாயமா? இல்லை. நியாயம் எந்தக் கடையில் கிடைக்கிறது என்று சொன்னால் போய் வாங்கி வருகிறேன்.

செப்டம்பர் 18, வியாழன்

சங்கரிக்கு ஜாமீன் மறுபடியும் கிடைக்கவில்லை.

இன்று கடைக்கு ஓர் அம்மா வந்தார். காலில் செருப்பில்லை, கையில் துணிப்பை. படம் எதுவும் கொண்டுவரவில்லை. பேர் அஞ்சலாட்சி என்றார். சங்கரியின் அம்மா.

"எம்புள்ளைய வரைஞ்சிருக்குதாமே எம்பொண்ணு. மொகத்த நான் பாக்கல கண்ணு. மூடியே எடுத்துட்டுப் போயிட்டாங்க. ஒருவாட்டி காட்டினா போயிடுவேன்."

எதிர்க் கடையில் அறிமுகமில்லாத ஒருவன் டீ குடித்துக்கொண்டிருந்தான். அவன் போலீஸா, டீ குடிக்கிறவனா, எனக்குத் தெரியவில்லை. இப்போதெல்லாம் தெரிவதில்லை.

"இங்க அப்படி ஒண்ணும் இல்லம்மா. தப்பா சொல்லியிருக்காங்க."

தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்தப் படத்தில் அவன் கண் பாதி திறந்திருக்கு. பெத்தவளுக்குக் காட்டாம யாருக்காக நான் காப்பாத்தறேன்? யாருக்குடி?

அக்டோபர் 10, வெள்ளி

வாயை அடக்கத் தெரியாத ஜென்மம் நான்.

டிவியில் ஏதோ செய்தி. டோனி, "அந்த டீச்சருக்குத் தேவையா இதெல்லாம், பேசாம பூ, கிளி, மயில்னு வரைஞ்சிட்டுப் போவலாம்ல" என்றார். எனக்கு எங்கிருந்து வந்ததோ. "அவ வரைஞ்சது ரெண்டு மாசமா உங்க தலைக்கு மேலதான் தொங்குது. போய் மயிலா கிளியான்னு பாத்துட்டு வாங்க" என்றேன்.

சாதம் தட்டிலேயே காய்ந்தது. கை கழுவிவிட்டு வந்து, "இன்னும் மூணு வருஷம் சர்வீஸ் பாக்கி இருக்கு பிரிஸ்கி" என்றார். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

பதினோரு நாளாக என்னோடு பேசவில்லை. துண்டை மட்டும் கொடியில் காயப்போடுகிறார்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். அப்பா, அம்மா, மாமனார் கல்லறைகளில் மெழுகுவத்தி ஏற்றினேன். ஒன்று மிச்சம் இருந்தது. இல்லை, ஒன்று கூடுதலாக வாங்கியிருந்தேன். கல்லறையே இல்லாதவனுக்கு எங்கே ஏற்றுவது? சுவரோரம் மண்ணில் குத்தி ஏற்றிவிட்டு வந்தேன். டோனி பார்த்தார்.

டிசம்பர் 3, புதன்

மூன்று நாளாகப் புயல் மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். கரண்ட் இல்லை. எனக்கு மனுஷர்களைவிடச் சுவர்களைப் பற்றித்தான் கவலை. எந்தச் சுவர் எந்தப் பக்கம் ஊறுகிறதோ.

சாயங்காலம் அகஸ்டினா அக்காவுக்கு லைன் கிடைத்தது.

"அக்கா, படம் எப்படி இருக்கு?"

"ஆண்டவருக்கு என்னாடி கொறச்சல்? அவருதான எங்கள காப்பாத்துறாரு."

"சுவரு ஊறுதா? ஈரம் பட்டா என்கிட்ட சொல்லுங்க, நான் வந்து—"

லைன் போய்விட்டது. மழை விட்டதும் நேரில் போக வேண்டும்.

டிசம்பர் 20, சனி

கிறிஸ்மஸ் வேலை தலைக்குமேல். குடில் படங்கள், காலண்டர் சட்டங்கள். அரியாங்குப்பம் போகவில்லை. கிறிஸ்மஸ் முடியட்டும்.

ஜனவரி 9, வெள்ளி

தலைவர் புது போட்டோ எடுத்துக்கொண்டாராம். பழைய படங்களை எல்லாம் இறக்கி ஸ்டோருக்குத் திருப்ப உத்தரவு. புதுப்படங்களுக்கு வேறு யாரோ சட்டம் போடுகிறான். எனக்குத் தெரியவே தெரியாது. யாரும் சொல்லவில்லை.

டோனி ஆறு மணிக்கு வந்தார். வலது கையில் கட்டு. இடது கையில் துணி சுற்றிய மூன்று பெரிய சட்டங்கள். வேர்த்துக் கொட்டியது.

"கண்ணாடி ஒடஞ்சிபோச்சி. ரிப்பேர்னு ஸ்லிப் போட்டு வாங்கியாந்தேன்."

"மூணுமா ஒடஞ்சுது?"

"மூணும்தான். எதெதுன்னு தெரியணும்ல, என் ரூம் படத்துல பின்னாடி உன் முத்திரைய தலைகீழா குத்தியிருந்த. அது மூணுலதான் அப்படி இருந்துது." பிறகு மேஜைமேல் வைத்துவிட்டு, "படத்துக்கு ஒண்ணும் ஆவல. முன்னாடி இருக்குறதுக்கும், பின்னாடி இருக்குறதுக்கும்" என்றார்.

கட்டை அவிழ்த்து நான் வேறு கட்டுப் போட்டேன். ஆழமான வெட்டு. முப்பது வருஷமாக ஒரு பேனாவைக்கூட ஆபீஸிலிருந்து எடுத்து வராத மனுஷன். நான் அழுதேன், அதற்கும் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். டீ கேட்டார்.

பிப்ரவரி 12, வியாழன்

ஜாமீன் கிடைத்துவிட்டது. தினம் காலை ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். சங்கரி நேராகக் கடைக்கு வந்தாள். தலைமுடி பாதி நரைத்திருக்கிறது. முப்பத்தி நாலு வயது.

பத்திரமாக இருக்கிறது, எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்றேன். அவள் பத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

"தம்பி எங்கக்கா?"

"ஆண்டவர்கிட்ட இருக்கான்," என்றேன் சிரித்துக்கொண்டே. எவ்வளவு பெருமை எனக்கு! திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் என்று விளக்கியதும் அவளும் சிரித்தாள்.

"அம்மா கேட்டுக்கிட்டே இருக்குது. புதன்கெழம அழைச்சிட்டு வரட்டுமா?"

அழைத்து வா என்றேன்.

பிப்ரவரி 16, திங்கள்

அரியாங்குப்பம் போனேன். புதுக் கண்ணாடி மாற்றித் தருகிறேன் என்று சொல்லிப் படத்தை வாங்கிவருவதாகத் திட்டம். கூடத்தில் ஆணி மட்டும் இருந்தது. சுவரில் பெரிய ஈரத்திட்டு, கறுப்புப் பூஞ்சை.

அகஸ்டினா அக்கா காபி போட்டுவந்தாள்.

"அந்த மழையில சுவரு ஊறி ஆண்டவரு மொகமெல்லாம் கறுத்துபோச்சி தாயி. எம்மருமவ ஃப்ரேம் கடைக்கிப் போவலாம்னா. நாந்தான் வேணாம்னுட்டேன். பிரிக்கக்கூடாதுன்னு நீதான மூணுவாட்டி சொன்ன? அப்படியே கோயில்ல குடுத்துட்டேன். நேத்து பூசை முடிஞ்சி குருத்தோலையோட எரிச்சிட்டாங்க. நீ சொன்ன மாதிரியே செஞ்சிட்டேன்."

காபியைக் குடித்தேன். முழுவதும் குடித்தேன். அவளிடம் என்ன சொல்ல முடியும்? நல்லா செஞ்சீங்கக்கா என்றேன்.

நேற்று அந்தப் பூசையில் நானும் இருந்தேன். பிரியாணிக்கு அரிசி ஊறவைக்க வேண்டும் என்று சீக்கிரம் கிளம்பிவிட்டேன். கோயில் பின்னால் புகையைப் பார்த்தேன். பார்த்துக்கிட்டே போனேன், பாவி.

கோயிலுக்கு ஓடினேன். சூசையண்ணன் சாம்பலைச் சல்லடையில் சலித்துக்கொண்டிருந்தார்.

"கண்ணாடி, கட்டை எல்லாம் தனியா எடுத்து வெச்சிட்டேன்மா. பின்னாடி அட்டை மட்டும் ரொம்ப கனமா இருந்துது. அப்படியே போட்டேன். நல்லா புடிச்சி எரிஞ்சுது."

எரித்த பீப்பாயின் அடியில் கைவிட்டுத் துழாவினேன். சின்ன ஆணிகள். என் கடை ஆணிகள். நான்கு கிடைத்தன.

ஜூலையில் அந்த ஆளு பிளேடை வெச்சப்பகூட போகாதது. மழையிலகூட போயிருக்காது, தாள் சுத்தி வெச்சிருந்தேன், உள்ள ஒண்ணும் ஆயிருக்காது. நான் மந்திரிச்சேன் பாரு, அதுலதான் போச்சி. வடிவேலு வீட்டுப் பெருமாளுக்குப் பின்னால வெச்சிருந்தா இருந்திருக்கும். தலைவருக்குப் பின்னால வெச்சிருந்தாகூட இருந்திருக்கும். பழைய படம் எங்க போவும்னு எனக்குத் தெரியாதா? வருஷாவருஷம் கொண்டுபோயிக் குடுக்கறவளே நான்தான. ஒரு போட்டோ எடுத்திருந்தா. ஒண்ணே ஒண்ணு.

பிப்ரவரி 17, செவ்வாய்

கடை திறக்கவில்லை.

பிப்ரவரி 18, புதன்

சாம்பல் புதன். போகக்கூடாது என்றுதான் நினைத்தேன். டோனி எழுப்பிக் கூட்டிப்போனார். வரிசையில் நின்றேன். மண்ணுக்குத் திரும்புவதைப் பற்றி ஒவ்வொருவருக்கும் சொல்லும் அதே வாக்கியத்தைச் சொல்லி ஃபாதர் என் நெற்றியில் சாம்பலைப் பூசினார். எனக்கு முன்னால் அகஸ்டினா அக்கா பூசிக்கொண்டு போனாள். மூக்கின்மேல் கொஞ்சம் உதிர்ந்தது. யார் சாம்பல் இது என்று அந்தக் கோயிலில் எனக்கும் டோனிக்கும் மட்டும்தான் தெரியும்.

பத்து மணிக்கு சங்கரி வந்தாள். நல்லவேளை, அம்மாவுக்குக் காய்ச்சல், தனியாக வந்தாள். உட்காரவைத்துச் சொன்னேன். சுற்றிவளைக்கவில்லை.

அவள் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். என் நெற்றியிலிருந்த சாம்பலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டுவாட்டி எரிச்சாச்சி அவன. ரெண்டுவாட்டியும் நான் கிட்ட இல்ல."

கையைப் பிடிக்கப் போனேன். இழுத்துக்கொண்டாள்.

பிறகு அட்டைத் துண்டு ஒன்றையும் பென்சிலையும் மேஜையிலிருந்து எடுத்தாள். தலை, தோள், துணியின் மடிப்பு. கை வேகமாகத்தான் போயிற்று. பிறகு நின்றுவிட்டது.

"உள்ள தூங்குறதுக்கு மாத்திர குடுத்தாங்கக்கா. தெனம். நெறைய மறந்துபோயிடுச்சி." பென்சிலைக் கீழே வைத்துவிட்டு வலது கையையும் இடது கையையும் மாறி மாறிப் பார்த்தாள். "கயிறு எந்தக் கையில கட்டியிருந்தான்?"

நான் எழுந்து உள்ளே போய் இந்த நோட்டை எடுத்துவந்தேன். இதில் எழுதுவது யாருக்கும் தெரியாது, டோனிக்குக்கூட. ஜூன் பன்னிரண்டைத் திறந்து படித்தேன். பதினாலுக்கு இருபது அங்குலம். இடது கண் முழுதாக மூடவில்லை. நகம் இல்லை என்கிற இடத்தில் நிறுத்திவிட்டேன்.

"நிறுத்தாதீங்க," என்றாள். "மொதல்லேர்ந்து படிங்க. மெதுவா."

ஆறு முறை படித்தேன். மூன்று அட்டைகளைக் கிழித்தாள். நான்காவதில் உதடு வந்திருக்கிறது, காது வந்திருக்கிறது, கயிறும் தடமும் வந்திருக்கின்றன. முகம் வரவில்லை. "இது வேற யாரோ" என்று சொல்லிவிட்டு அதைக் கவிழ்த்து வைத்தாள். நாளைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறேன் என்று போயிருக்கிறாள். அம்மாவை எப்போது அழைத்து வருவாள் என்று நான் கேட்கவில்லை.

இனிமேல் இந்த நோட்டையும் ஒளித்து வைக்க வேண்டும். கடையில் மூன்று படங்கள் வேலைக்கு நிற்கின்றன. ஒரு கல்யாண போட்டோ, ஒரு பள்ளிக்கூடத்துக் குரூப் போட்டோ, ஒரு வேளாங்கண்ணி மாதா. மாதாவுக்குப் பின்னால் வேண்டாம் என்று அதைத் தனியாக எடுத்து ஓரமாக வைத்துவிட்டேன்.